திண்ணையும் தொழுவமும்: செஞ்சி வட்டாரத்தில் கூலியாட்களின் ஓய்விடம்

செஞ்சிக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் அதைக் கைப்பற்றியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று அந்த வரிசை நீளும். கோட்டைக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் இன்றும் நிற்கும் பெரும் களஞ்சியங்களுக்கு நெல் விளைவித்துக் கொடுத்தவர்கள் வேலைக்கு நடுவே எங்கே உட்கார்ந்தார்கள், யாருடைய நிழலில் படுத்தார்கள் என்பதை அவ்வரலாறு சொல்லாது. அதை அறியச் சுற்றுவட்டார ஊர்களின் வீட்டமைப்பையும், வீட்டுக்காரருக்கும் ஆளுக்கும் இடையே நிலவிய ஏற்பாட்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் தெருவைப் பார்த்துத் திண்ணை, அதாவது வாசலின் இருபுறமும் உயர்த்திக் கட்டிய மேடை, அமைந்திருக்கும். உள்ளே நடையும் முற்றமும், பின்புறம் கிணறும் தொழுவமும் வைக்கோல் போரும் கொண்ட கொல்லையும் இருக்கும். திண்ணை வழிப்போக்கருக்காகக் கட்டப்பட்டது என்று பெருமையோடு சொல்வதுண்டு. அது பொய்யன்று என்றாலும், எந்த வழிப்போக்கருக்காக என்ற கேள்வியை அப்பெருமை எழுப்புவதில்லை. திண்ணை மெழுகச் சாணம் அள்ளிக் கொடுத்த பெண்ணும், கூரைக்கு மரம் சுமந்த ஆணும் ஒடுக்கப்பட்ட சாதியினராக இருந்தால் அதில் உட்கார முடியாது. அவர்கள் பின்வழியாகக் கொல்லைக்கு வந்து, வேலை முடிந்ததும் அவ்வழியே சேரிக்குத் திரும்புவதே வழக்கமாக இருந்தது.

செஞ்சி அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இவ்வுழைப்பு படியாள் முறை என்ற வடிவில் நிலைபெற்றிருந்தது. முன்பணம் பெற்றுக்கொண்டு, படியால் அளந்து தரப்படும் தானியத்துக்காக ஒரே வீட்டில் ஆண்டு முழுதும் வேலை செய்பவர் படியாள் எனப்பட்டார். கடன் தீராதவரை அவர் வேறு வீட்டுக்குப் போக இயலாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம ஆய்வில், விழுப்புரத்துக்குத் தெற்கேயுள்ள இருவேல்பட்டில் இம்முறை நிலவியது பதிவாகியுள்ளது. படியாளின் வேலை வயலோடு முடிந்துவிடவில்லை. தொழுவம் கூட்டுவதும், மாட்டுக்குத் தீனி வைப்பதும், விறகு பிளப்பதும், கொல்லைக்கு வேலி அடைப்பதும் அவருடையவையே. வேலை நேரத்துக்கு வரையறை இல்லாததால் ஓய்வுக்கும் வரையறை இல்லை. உச்சிவேளையில் கூழ் குடித்தபின் களத்துமேட்டிலோ மரத்தடியிலோ துண்டை விரித்துச் சற்றுக் கண்ணயர்வதை ஆண்டை, அதாவது நிலவுடைமையாளர், பெரிதாக எண்ணியதில்லை. களத்தில் நெல் குவிந்திருக்கும் நாட்களில் காவலுக்காக அங்கேயே உறங்கும்படி அவரே சொல்வார். ஆகவே வீட்டுக்காரரை உறுத்தியது ஓய்வின் நீளத்தைவிட ஓய்வெடுக்கும் இடமே எனலாம். தொழுவத்து மண்ணில் படுத்தவரை யாரும் கேட்கவில்லை; அவரே திண்ணை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் அது ஊர் கூடிக் கண்டிக்கும் குற்றமாயிற்று.

இப்படிக் கண்டித்த சமூகம் களைப்பை அறியாததன்று. இரு கற்களை நட்டு மூன்றாவதை மேலே கிடத்திய சுமைதாங்கிகள், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைப்பதற்காகவே தமிழகச் சாலையோரங்களில் எழுந்தன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கமும் இருந்தது. பெயர் தெரியாதவரின் களைப்புக்கு இவ்வளவு இரங்கியவர்கள், தம் கொல்லையிலேயே உழைத்தவருக்குத் திண்ணையில் ஒரு சாண் இடம் தர மறுத்தார்கள். சாலையில் தரும் இடம் புண்ணியமாகும். வீட்டில் தரும் இடம் நாளடைவில் உரிமையாகிவிடும் என்ற அச்சமே இம்மறுப்புக்கு அடிப்படை என்று கொள்ள வேண்டும்.

1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்துக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியபோதும் கடன் வழிப் பிணைப்பு தொடர்ந்தது. அதையும் ஒழிக்கும் மத்தியச் சட்டம் 1976இல்தான் வந்தது. இதனிடையே மின்மோட்டார்க் கிணறுகள் பெருகி, நாட்கூலி பரவியபோது, பம்புசெட்டுக் கொட்டகை ஆட்களின் புதிய நிழலாயிற்று. அது நிலக்காரரின் சொத்தே எனினும் அவருடைய வாசலிலிருந்து தள்ளியே இருந்தது. 2006 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்த ஊரக வேலை உறுதித் திட்டம், பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவி ஆகியவற்றைச் சட்டப்படி கோரத்தக்கவையாக்கியது. 2021இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை அளிப்பதைக் கட்டாயமாக்கியது.

அத்திருத்தம் தனியார் வீட்டின் சுற்றுச்சுவருக்குள் செல்லாது. திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவு போட்ட கான்கிரீட் வீடுகளில், புல் செதுக்க வருபவரும் தென்னை மட்டை கழிக்க வருபவரும் எங்கே உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கலாம் என்பதை இன்றும் வீட்டுக்காரரின் மனமே முடிவு செய்கிறது.