ஏரி வாரியமும் இளந்தொண்டரும்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி நோக்கிச் செல்லும் சாலையில் சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை என ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கட்டடங்களுக்கு இடையே இன்று நமக்குத் தெரிவது சாலை மட்டுமே. இந்த ஊர்களை ஒன்றோடொன்று பிணைத்திருந்ததோ ஏரி நீர். மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே கீழேரிக்கு நீர் இறங்கும். கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும், ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கும் செல்லும். பழவந்தாங்கல் என்னும் பெயரில் உள்ள 'தாங்கல்' சிற்றேரியைக் குறிக்கும் சொல். ஏரி போன பின்னும் பெயர் மட்டும் எஞ்சுவது நம் புறநகர்களின் வரலாறு.

இந்த நீர்ச்சங்கிலியின் ஒரு கண்ணி, 2012ஆம் ஆண்டில் எதிர்பாராத ஓரிடத்தில் பேசப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ் கடிகார நிறுவனம் 1976 முதல் 'முயற்சிக்கான விருது' என்ற பெயரில் நல்கை வழங்கி வருகிறது. முடித்த சாதனைக்குப் பரிசளிப்பதைவிட, நடக்கவேண்டிய பணிக்குப் பணம் தருவதே அதன் நோக்கம். 2010இல் 18 முதல் 30 வயது வரையிலான இளையோருக்கென்று தனிப்பிரிவும் ஏற்படுத்தினார்கள். அப்பிரிவில் 2012ஆம் ஆண்டுக்குத் தேர்வானவர்களுள் ஒருவர் அருண் கிருஷ்ணமூர்த்தி. நல்கை 50,000 சுவிஸ் பிராங்க். அவர் முன்வைத்த பணி கீழ்க்கட்டளை ஏரியை மீட்பது.

அருண் கிருஷ்ணமூர்த்தி தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் வளர்ந்தவர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவர். ஜேன் குடால் அம்மையார் 1991இல் தான்சானியாவில் பன்னிரண்டு மாணவர்களோடு தொடங்கிய 'வேர்களும் தளிர்களும்' என்ற இளையோர் இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். பின்னர் கூகுள் நிறுவன வேலையை விட்டு, தாம் நிறுவிய இந்தியச் சூழலியலாளர் அமைப்பின் வழியே நீர்நிலைப் பணிக்கு முழுநேரமாக வந்தார். பிறர் நடத்திய இயக்கத்தில் தொண்டராகப் பழகிய ஓர் இளைஞர், தம் ஊருக்குத் திரும்பித் தமக்கென ஒரு பணியைத் தொடங்க, அதற்கு ஒரு நல்கை கைகொடுத்தது. 2025 அக்டோபரில் தமது 91ஆம் வயதில் மறைந்த குடால் அம்மையார் வேண்டியதும் இதுதான்: தளிர் தன் வேரைத் தானே ஊன்றவேண்டும்.

இது புதுமையான ஏற்பாடு என்று நமக்குத் தோன்றலாம். அதே செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த உத்திரமேரூரின் கல்வெட்டுகளைப் பார்த்தால் அவ்வெண்ணம் சற்றே மாறும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம், உறுப்பினர் அறுவர், பதவிக்காலம் 360 நாள். முதல் கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என்றும், இரண்டாவது அதை 35 முதல் 70 என்றும் வகுத்தது. ஏரியைக் காக்க முதிர்ச்சி வேண்டும் என்று கருதியவர்கள் அவர்கள். 2012இல் வழங்கப்பட்ட அந்த இளையோர் பிரிவு நல்கையோ 30 வயதைக் கடந்தவரை ஏற்கவில்லை. இரண்டுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள்.

பாடநூல் அதிகம் பேசாத விதி ஒன்றும் அங்கே இருக்கிறது. முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றியவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் கொண்டே பன்னிருவர் அடங்கிய சம்வத்சர வாரியம் அமைக்கப்பட்டது. அதாவது, சிறு பணியில் பழகியவருக்கே பெரும் பொறுப்பு. அதோடு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுமுறை குடவோலைக்குத் தகுதியற்றவர். தொண்டு, அதன் தொடர்ச்சி, அதற்குக் கணக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த சமூகம் அது.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? ஏரிக்கென்று நிலம் விட்டார்கள். அது 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. பொன்னை முதலாக வைத்து, அதன் பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் தூர் வாரினார்கள். முதல் கரையலாகாது என்பது கொள்கை. சந்திரனும் சூரியனும் உள்ள வரை என்று கல்வெட்டுகள் கூறுவதை வெறும் அலங்காரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஏரி ஆண்டுதோறும் தூரும். ஆகவே பணமும் ஆண்டுதோறும் வரவேண்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

பிற்காலத்தில் ஊரார் உழைப்பு குடிமராமத்து என்ற வழக்கமாக நின்றது. ஆங்கில அரசு 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஏரியின் அதிகாரம் அரசிடம் போய், உழைப்பு மட்டும் ஊராரிடம் எஞ்சினால் வழக்கம் எப்படி நிலைக்கும்? அது தேய்ந்தது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, பெயர் திரும்பி வந்தது. அரசுப் பணமும் வந்தது. ஊரார் உரிமை எவ்வளவு திரும்பியது என்பது வேறு கேள்வி.

இக்கேள்விகள் ஏட்டோடு நிற்பவையல்ல. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கின. மாடிகளிலிருந்து மக்களைப் படகில் மீட்டார்கள். மழை மட்டும் காரணமன்று. நீர் செல்லும் வரத்துக்கால்களிலும் போக்குக்கால்களிலும் நாம் குடியேறிவிட்டோம் என்பதும் காரணம்.

எனவே நல்கைகளைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்வி அவற்றின் தொகையைப் பற்றியதல்ல, காலத்தைப் பற்றியது. ரோலக்ஸ் போன்ற நல்கை ஓர் இளைஞரை நம்பி முதல் அடியை எடுத்துவைக்க உதவுகிறது. அதன் பெருமை அது. 2014 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதிலிருந்தும் ஏரிகளுக்குப் பணம் வருகிறது. ஆனால் அது தூர் வாரக் கிடைக்கும் அளவுக்கு, வாரிய ஏரியைப் பத்தாண்டு காவல் காக்கக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குப் பலகை உண்டு. ஐந்தாம் ஆண்டு ஆகாயத்தாமரையை அகற்றுவதற்குப் பலகை வைப்பாரில்லை.

கல்லூரியில் பாடம் நடத்துவோர் இதன் மறுபாதியை அறிவர். 1969 முதல் இயங்கும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றுகிறார். ஏழு நாள் சிறப்பு முகாமில் ஊரில் தங்குகிறார். கரையில் மரம் நடுகிறார். சான்றிதழோடு அவர் உறவு முடிந்துவிடுகிறது. நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவருக்கு விருப்பம் இருந்தாலும் வழி இல்லை. உத்திரமேரூர்ச் சபையார் இவரை இழந்திருக்க மாட்டார்கள். அடுத்த பொறுப்புக்குப் பெயர் எழுதியிருப்பார்கள்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. கீழ்க்கட்டளையும் செம்பாக்கமும் அதன் எல்லைக்குள் வந்தன. 2022இல் பள்ளிக்கரணை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இப்பொழுதாவது ஏரிக்கு ஒரு சிறு முதல் வைத்து, அதன் வட்டியை அந்தந்த ஊரின் முன்னாள் மாணவத் தொண்டர்களிடம் ஆண்டுக்காண்டு ஒப்படைத்து, கணக்குக் கேட்கலாகாதா? பெருந்தொகை வேண்டாம். கரையைச் சுற்றிவரவும், கலங்கலில் சேரும் குப்பையை எடுக்கவும், ஆக்கிரமிப்பு தொடங்கும் நாளிலேயே எழுதி அனுப்பவும் போதுமான அளவு போதும். முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.