வாளியில் பிடித்த காற்று

நாற்றம் என்னும் சொல்லின் கதை இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. ஆண்டாள் பாடிய காலத்தில் நாறுதல் என்றால் மணத்தல். பின்னர் பொருள் இழிந்து, இன்று அச்சொல் நம்மை மூக்கைப் பொத்த வைக்கிறது. பொருள் எப்படி மாறினாலும் முகர்தலின் ஓர் இயல்பு மட்டும் மாறவில்லை. கண்டதை வரைந்து காட்டலாம். கேட்டதைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்யலாம். முகர்ந்ததைப் பிறருக்கு எடுத்துக் காட்ட வழியில்லை. காற்று திசை மாறியதும் சான்று கலைந்துவிடுகிறது. புகார் கேட்டு அதிகாரி வந்து சேரும் வேளையில் ஊர் ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும். வேதித் தொழிற்சாலைகளின் அருகே குடியிருப்போரின் துயரத்தில் ஒரு பாதி நோயினால் வருவது. மறு பாதி, தம் சொல் நம்பப்படாமையால் வருவது. இந்த மறு பாதியை எதிர்கொள்ள எளிய மக்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் எடுத்த வரலாற்றையே இங்கு காண முற்படுகிறோம்.

தொடக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ரோடியோ என்றொரு சிற்றூர். அங்கே அந்நாளில் யூனோகால் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கியது. 1994 ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 6 வரை, 16 நாட்கள், காட்டகார்ப் என்னும் வேதிக்கரைசல் அவ்வாலையிலிருந்து வெளியேறிக் காற்றில் கலந்தது. கசிவு இருக்கும்போதே ஆலை தொடர்ந்து இயக்கப்பட்டது. ரோடியோவிலும் அடுத்துள்ள கிராக்கெட்டிலும் மக்கள் நோயுற்றனர். அவர்களுக்காக வழக்காடியவர்களில் ஒருவர் எட்வர்ட் மாஸ்ரி. 2000இல் வந்த 'எரின் பிராக்கோவிச்' திரைப்படத்தின் வழியே பலரும் அறிந்த வழக்கறிஞர். 1995இல் ஆலையின் புகையால் அவரும் உடல்நலம் குன்றினார். அதிகாரிகளை விசாரித்தபோது, தங்கள் கருவிகளில் குறையெதுவும் பதிவாகவில்லை என்ற விடையே கிடைத்தது. கட்சிக்காரர்கள் அதுவரை முறையிட்டது எதனை என்று வழக்கறிஞருக்குத் தம் உடம்பாலேயே விளங்கிய தருணம் அதுவாக இருந்திருக்க வேண்டும். பொதுமக்கள் தாமே காற்றைப் பிடிப்பதற்கு மலிவான கருவி ஒன்றை வடிவமைக்க அவர் ஏற்பாடு செய்தார். அதுதான் வாளி.

கருவியின் அமைப்பு மிக எளிது. இறுக மூடும் மூடியுள்ள, ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் வாளி. அதனுள் டெட்லார் என்னும், வாயுக்களோடு எளிதில் வினைபுரியாத நெகிழியால் ஆன பை. பையின் வாய் ஒரு குழாய் வழியே மூடியைக் கடந்து வெளிக்காற்றைத் தொடும். ஒரு சிறு பம்பு வாளிக்குள், பைக்கு வெளியே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்க, அங்கே வெற்றிடம் உண்டாகிப் பை தானாக விரியும். வெளிக்காற்று அதனுள் நிறையும். பிடிபடும் காற்று பம்பின் வழியே செல்வதில்லை. ஆகவே பம்பிலுள்ள அழுக்கு அதில் கலக்க வாய்ப்பில்லை. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பிறகு பையை அடைத்து, பிடித்த இடமும் நேரமும் குறித்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்ற படிவத்துடன் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வாளி மலிவு; ஆய்வுக் கட்டணம் மலிவன்று. மாதிரி ஒன்றுக்குச் சில நூறு டாலர் ஆகும். எனவே எந்த நாற்றத்தைப் பிடிப்பது, எதை விட்டுவிடுவது என்று தேர்ந்தாக வேண்டும். அந்தத் தேர்வுக்கு இருந்த ஒரே கருவி ஊராரின் மூக்கு.

ரோடியோ வழக்கு 1997இல் 8 கோடி டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. வாளியின் பயணம் முடியவில்லை. டென்னி லார்சன் என்னும் செயற்பாட்டாளர் அதைச் செம்மைப்படுத்தி ஊர் ஊராகக் கொண்டு சென்றார். அவ்வாறு அது சென்ற இடங்களுள் புகழ்பெற்றது லூசியானா மாநிலத்தின் நார்கோ. அங்கே டைமண்ட் என்னும் நான்கு தெருக்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். ஒரு பக்கம் ஷெல் நிறுவனத்தின் வேதி ஆலை, மறு பக்கம் சுத்திகரிப்பு ஆலை. 1973இல் குழாயிலிருந்து கசிந்த வாயு, புல்வெட்டும் எந்திரத்தின் பொறி பட்டுத் தீப்பற்றியதில் அத்தெருவாசிகள் இருவர் மாண்டனர். 1988இல் சுத்திகரிப்பு ஆலை வெடித்து ஏழு தொழிலாளர் இறந்தனர். அவ்வூர் ஆசிரியை மார்ஜி ரிச்சர்ட் அண்டை அயலாரைத் திரட்டிப் போராடினார். 1997இல் நீதிமன்றத்தில் தோல்வியே கிட்டியது. அதன் பின்னரே வாளி வந்தது. தாங்கள் சுவாசிப்பதற்கு வேதியியல் பெயர்கள் உண்டு என்பதை மக்கள் தாளில் கண்டனர். 2002இல் நான்கு தெருக்களிலும் விரும்பியோர் அனைவரின் வீடுகளையும் விலைக்கு வாங்கிக்கொள்ள ஷெல் இசைந்தது. 2004இல் மார்ஜி ரிச்சர்டுக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது வழங்கப்பட்டது. வெற்றிதான், ஆனால் காற்று தூய்மையாகி மக்கள் அங்கேயே வாழ்ந்த வெற்றியன்று. ஊரை விட்டு நீங்கும் உரிமையே அவர்கள் பெற்றது.

இவ்விடத்தில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். வாளி பிடிப்பது சில நிமிடக் காற்றை. அரசின் தரநிலைகளோ 24 மணி நேரச் சராசரி, ஓராண்டுச் சராசரி என்ற கணக்கில் அமைந்தவை. 'உங்கள் எண் பெரிதாக இருக்கலாம். ஆனால் ஒப்பிடத்தக்கதன்று' என்று நிபுணர் ஒதுக்கிவிட இது போதும். அறிவியலும் சமூகமும் உறவாடும் முறையை ஆராயும் க்வென் ஆட்டிங்கர், 2010இல் எழுதிய கட்டுரையில் இதை விரிவாக அலசியிருக்கிறார். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு முறைகளைப் பின்பற்றியதால்தான் வாளிக்கு மதிப்பு வந்தது. அதே தரநிலைகள்தான் அதன் முடிவுகளைத் தள்ளிவைக்கவும் உதவின. ஐந்து நிமிடம் நீரில் மூழ்கடிக்கப்பட்டவனிடம், நாள் முழுவதையும் கணக்கிட்டால் உனக்குக் காற்றுக் குறையவில்லை என்று சொல்வது போன்ற வாதம் இது. நடு இரவில் வாயு திறந்துவிடப்படும் ஊரில் மக்களை வருத்துவது சராசரியன்று; அந்த ஒரு மணி நேரம்.

வாளி கடல் கடந்தது. 2000இல் தென்னாப்பிரிக்கா சென்றது. தென் டர்பனில் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய மியர்பேங்க் பகுதியில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். 2004இல் அது கடலூருக்கே வந்தது. உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்த சிப்காட் வளாகத்தில் மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் எனப் பல வேதி ஆலைகள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சொன்னஞ்சாவடி முதலிய ஊர்களின் மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தனர். அவ்வூர்களின் தன்னார்வலர்கள் சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற பெயரில் ஒன்றுகூடிப் பயிற்சி பெற்றனர். எப்போது, எங்கே, காற்று எத்திசையில், நாற்றம் எத்தகையது என்று குறித்துவைக்கப் பழகினர். அழுகிய முட்டையின் வாடை ஹைட்ரஜன் சல்பைடுக்கும், அழுகிய முட்டைக்கோசின் வாடை மெத்தில் மெர்காப்டனுக்கும் உரியவை என்பது வேதியியல் பாடம். பெயர் தெரியாவிட்டாலும் வாடையை வேறுபடுத்தும் அறிவு அவர்களிடம் முன்பே இருந்தது.

2004 செப்டம்பரில் அவர்களது அறிக்கை வெளிவந்தது. 'கேஸ் ட்ரபுள்' என்று அதற்குப் பெயர். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வழங்கும் பொருளை நினைத்தால் பெயரிட்டவரின் கசப்பு கலந்த நகைச்சுவை புரியும். கலிபோர்னிய ஆய்வகத்தில் சோதிக்கப்பட்ட மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருட்கள் காணப்பட்டன. அவற்றுள் 8 புற்றுநோய் விளைவிப்பவை.

இங்கே நார்கோவின் சிக்கல் வேறு உருவில் எழுந்தது. அங்கே ஒப்பிடத் தகாத தரநிலை இருந்தது. இங்கே இப்பொருட்களுக்கு வெளிக்காற்றுத் தரநிலையே இல்லை. அன்றைய இந்திய விதிகள் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசி, ஈயம் போன்ற சிலவற்றை மட்டுமே அறிந்திருந்தன. அளவுகோல் இல்லாத இடத்தில் மீறல் எங்கிருந்து வரும்? உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்து, இத்தகைய நச்சு வாயுக்களுக்குத் தரநிலை வகுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2009 நவம்பரில் இந்தியாவின் காற்றுத் தரநிலைகள் திருத்தப்பட்டபோது 12 மாசுகள் இடம்பெற்றன. அவற்றில் பென்சீனும் ஒன்று: கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதே ஆண்டு டிசம்பரில், கடுமையாக மாசடைந்தவையென மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்த 43 தொழிற்பகுதிகளுள் கடலூரும் இருந்தது. இவை அனைத்தையும் வாளிதான் செய்தது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் 'அளவுகோல் எங்கே?' என்ற வினாவைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தவர்களுள் ஈச்சங்காட்டாரும் குடிகாட்டாரும் உண்டு. அந்தப் பென்சீன் அளவும் ஆண்டுச் சராசரிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 2015இல் இயற்றப்பட்ட விதிப்படி, 2018 முதல் சுத்திகரிப்பு ஆலைகள் தம் வேலியோரத்தில் பென்சீனை அளந்து வெளியிட வேண்டியதாயிற்று. வேலிக்கு வெளியே நின்றவர்கள் கால் நூற்றாண்டாகக் கேட்டது அதுவே. இன்று சில ஆயிரம் ரூபாய்க்கு நுண்துகள் அளக்கும் கருவிகள் கிடைக்கின்றன. நகரத்து வீட்டு மாடிகளில் அவற்றைப் பொருத்துவோர் பெருகியிருக்கின்றனர். நல்லதே. ஆயின் துகளை எண்ணும் அக்கருவிகளுக்குப் பென்சீன் தெரியாது, மெர்காப்டன் தெரியாது. திரையில் பச்சை நிறம் தோன்றும் இரவிலும் ஆலையோரத்துக் குழந்தை இருமலாம்.

வாளியின் வரலாற்றிலிருந்து நாம் கற்பது கருவியைப் பற்றிய பாடமன்று. பாதிக்கப்பட்டவர்களே செலவு செய்து, பயிற்சி பெற்று, படிவம் நிரப்பித் தம் துன்பத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மெய்ப்பித்த பின்னும் எண் பொருந்தவில்லை எனப்பட்டது. ஆகவே, அளக்க வேண்டியது எதை, எத்தனை நேரத்துக்கு என்று முடிவு செய்யும் மேசையில் ஆலையோரத்து மக்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நாற்றம் கேட்டு எழுந்து, விளக்கைப் போட்டு, நேரத்தைக் குறித்துவைத்தவர்கள் அவர்கள். காற்றைக் குறித்த முதல் ஆவணம் அந்தக் குறிப்பேடே.