வாஷியின் தோசையும் எல்லை உரிமையும்

1970-இல் தொடங்கப்பட்ட, மகாராஷ்டிர அரசின் நகர வளர்ச்சி நிறுவனமான சிட்கோ, நவி மும்பையில் செக்டர் செக்டராக வகுத்தெழுப்பிய வாஷிக்கு 1992-இல் மும்பையின் மான்குர்டிலிருந்து ரயில் வந்தது. அந்த நிலையத்தருகே தோசைத் தள்ளுவண்டி நடத்திய தூத்துக்குடி மாவட்டத்துப் பிரேம் கணபதி, பின்னர் 'தோசா பிளாசா' என்னும் கடையை நிறுவி, அதனைப் பிரான்சைஸ் முறையில், அதாவது பெயரையும் செய்முறையையும் கட்டணம் பெற்றுப் பிறருக்கு வழங்கும் முறையில், வெளிநாடுகள் வரை கொண்டுசென்றார். தள்ளுவண்டிக்காரர் வியாபாரம் செய்யும் எல்லை வழக்கத்தாலும் அக்கம்பக்கத்தார் இசைவாலும் அமைவது. பிரான்சைஸ் வாங்குபவரின் எல்லையோ ஒப்பந்தத்தில் எழுதினாலன்றி இல்லை.

எல்லை உரிமை என்பது, குறித்த பரப்புக்குள் பெயருக்குரியவர் தாமும் கடை திறவாமல், வேறொருவருக்கும் உரிமம் தராமல் இருப்பதாகத் தரும் உறுதி. அதனைக் கிலோமீட்டர் வட்டமாக எழுதுவது வாஷி போன்ற ஊரில் வாங்குபவரை ஏமாற்றிவிடும். ஏனெனில் மேற்கே தானே கடற்கழி கிடப்பதால் வட்டத்தின் ஒரு பகுதி நீரிலும் சதுப்பிலும் போய்விட, செக்டர் எண்களைக் கூறி எழுதுவதே உண்மையான வாடிக்கையாளரைக் காக்கும். வீடுதேடி உணவு அனுப்பும் செயலிகள் அந்தக் கோட்டைத் தாண்டலாமா என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டியதே.

பிரான்சைஸுக்கெனத் தனிச்சட்டம் இல்லாத இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. அதன் 27-ஆம் பிரிவு தொழிலைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்றாலும், குஜராத் பாட்லிங், கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல், ஒப்பந்தக் காலத்துக்குள் மட்டும் நிற்கும் வணிகக் கட்டுப்பாடு பொதுவாக அத்தடைக்குள் வாராது என்றது. எல்லையைப் பிரித்தளிக்கும் உடன்பாடு போட்டியைக் கணிசமாகக் கெடுக்கிறதா என்பதை 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தனியே ஆராய்கிறது.