உதரவிதானத்தை உலகம் அறிந்த வரலாறு



நான் ஆசிரியப் பணி ஆற்றிய காலத்தில் வகுப்பில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூச்சை உள்ளே இழுக்கும் உறுப்பு எது?" என்பேன். "நுரையீரல்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். அவ்விடை சரியன்று. நுரையீரல் காற்றை ஏற்கும் உறுப்பே. தானாக விரியும் ஆற்றல் அதற்கு இல்லை. அதனை விரியச் செய்வதில் முதன்மையானது அதன் கீழே அமைந்த ஒரு தசை. அதுவே உதரவிதானம்.

உதரம் என்றால் வயிறு. விதானம் என்றால் மேற்கட்டி. வயிற்றின்மேல் கவிந்து மார்பறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்பதால் இப்பெயர் மிகவும் பொருந்தும். மார்பெலும்பின் கீழ்முனை, கீழ் விலா எலும்புகள், இடுப்புப் பகுதியின் முதுகெலும்புகள் ஆகியவற்றை இதன் ஓரங்கள் பற்றியுள்ளன. இத்தசை சுருங்கும்போது குவிந்த விதானம் தாழ்கிறது; மார்பறை பெருக்கிறது; உள்ளே காற்றழுத்தம் குறைகிறது; வெளிக்காற்று விரைந்து புகுகிறது. தசை தளர்ந்ததும் விதானம் மேலெழும், காற்று வெளியேறும்.

இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை எளிதில் கிட்டியதன்று. பண்டைக் கிரேக்கர் மனத்தையும் இத்தசையையும் ஒரே சொல்லாற் குறித்தனர். வீரவுணர்வு குடிகொண்ட நெஞ்சையும், பசி முதலிய வேட்கைகள் வாழும் வயிற்றையும் பிரிக்கும் சுவர் இது என்றார் பிளேட்டோ. ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் ஒன்றோ, அப்பெயர் தற்செயலாக வந்தது, சிந்திப்பது மூளையே என்று மறுத்துரைத்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கேலன் என்னும் மருத்துவர் சொல்லாராய்ச்சியை விடுத்துச் சோதனையில் இறங்கினார். விலங்குகளின் தண்டுவடத்தைக் கழுத்தின் உச்சியில் வெட்டினால் மூச்சு உடனே நின்றது. கழுத்தின் அடியில் வெட்டினால் விலாத் தசைகள் ஓய்ந்தன. உதரவிதானம் மட்டும் இயங்கியது. எனவே அதனை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்தே வருகிறது என்று கண்டார். வயிற்றருகே உள்ள தசைக்குக் கழுத்திலிருந்து நரம்பு வருவானேன்? கருவில் அத்தசை கழுத்துப் பகுதியிலே தோன்றிக் கீழிறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் உடன் கொண்டு வருகிறது. இக்காரணம் மிகப் பிற்காலத்திலேயே புலனாயிற்று.

1668-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஜான் மேயோ, துருத்திக்குள் ஒரு பையை வைத்த அமைப்பைக் கொண்டு இதனை விளக்கினார். துருத்தி விரிந்தது, உள்ளிருந்த பையும் காற்றால் நிரம்பிற்று. மார்பு விரிவதனாலேயே நுரையீரல் நிரம்புகிறது என்பது தெளிவாயிற்று.

இவ்வறிவு வெறும் ஏட்டறிவாக நின்றுவிடவில்லை. இளம்பிள்ளை வாதம் நரம்பணுக்களைத் தாக்கினால் உதரவிதானம் செயலிழக்கும். நுரையீரலில் குறையில்லாமலே குழந்தை மூச்சின்றி மாளும். 1928-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிலிப் டிரிங்கர், லூயிஸ் ஷா ஆகியோர் 'இரும்பு நுரையீரலை' அமைத்தனர். தலை மட்டும் வெளியே நிற்க, உடலைப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து மார்பை விரித்தது அக்கருவி. உதரவிதானத்தின் தொழிலை இயந்திரம் ஏற்றது!

1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இந்நோய் கடுமையாகப் பரவியது. கருவிகள் போதவில்லை; இருந்த கருவிகளும் பலரைக் காக்கவில்லை. மூச்சுத் தசைகள் செயலிழந்து முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அப்போது பியோன் இப்சன் என்னும் மருத்துவர் புதுவழி கண்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தினார். உதரவிதானம் காற்றை இழுத்துக்கொள்ளும் முறைக்கு இது நேர்மாறானது. ஆயினும் பலன் தந்தது. அப்பையை இரவு பகலாக, பல மாதங்கள் அமுக்கியவர் யார்? ஏறத்தாழ 1,500 மாணவர்கள்! முறைவைத்துப் படுக்கையருகே அமர்ந்து, பிறருக்காக மூச்சு வாங்கினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வித்திட்டது அம்முயற்சியே.

செல்வங்களே, நீங்கள் உறங்கும்போதும் உங்கள் உதரவிதானம் உறங்குவதில்லை. அதன் தொழில் நின்ற இடத்தில், உங்களை ஒத்த மாணவர்களின் கைகள் அத்தொழிலை ஏற்றன. பாடநூலில் இப்பெயரைப் படிக்கும்போது அக்கைகளையும் நினைவிற் கொள்ளுங்கள்.