மனப்பாடமும் மறைக்கல்வியும்

கொற்கைத் துறை தூர்ந்தபின் முத்துக்குளித்துறையின் நடமாட்டமெல்லாம் புன்னைக்காயல், தூத்துக்குடி, மணப்பாடு என்று கடலோர ஊர்களுக்குப் போய்விட்டது. 1530களில் பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்கம் தழுவிய கரை இது. திருமுழுக்கு முடிந்ததே தவிர, போதிக்க ஆளில்லை. அந்தக் குறையை இரண்டு இயேசு சபைக் குருக்கள் இருவேறு வழிகளில் தீர்க்க முயன்றனர்.

1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், தமிழ் அறியாதவர். உள்ளூர்க்காரர் துணையோடு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அடுத்த ஊருக்குப் புறப்படும்போது மந்திரங்களின் படியைக் கொடுத்து, செபம் நடத்தக் கணக்கப்பிள்ளை ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்.

சில ஆண்டுகளில் வந்த அன்றீக்கு அடிகளார் இதே கரையில் அரை நூற்றாண்டு தங்கினார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவரது ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். மறுஆண்டு கொச்சியில் வந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணாக்கனும் வினாவி விடை சொல்லும் நூல்.

வேகத்தில் சவேரியார் முறைக்கு ஈடில்லை. குரு எட்டிப்பார்க்காத ஊரிலும் கணக்கப்பிள்ளையால் செபம் நிற்கவில்லை. ஆனால் “கடவுள் நல்லவரென்றால் என் மகனைக் கடல் ஏன் கொண்டுபோனது?” என்று ஒரு தாய் கேட்டால், ஒப்பிக்கத் தெரிந்தவரிடம் பதில் இராது. கேள்வியைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்தது அன்றீக்கு அடிகளாரின் முறை. அதில் பயின்றவர் காரணம் சொல்லி விளக்கப் பழகுகிறார். இந்த வழி மெதுவானது. அச்சும் பணமும் பல்லாண்டுப் பொறுமையும் கேட்பது.

இருவருமே பல்கலைக்கழகம் கண்டவர்கள். ஒருவரது படிப்பு அவரோடு பயணப்பட்டது. மற்றவரது படிப்பு தமிழ்ப் புத்தகமாகி ஊரில் தங்கியது. சி.எஸ்.ஐ., லுத்தரன் திருச்சபைகள் 1969இல் சேர்ந்து தொடங்கிய மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, தமிழில் இறையியல் கற்பிப்பதும் அந்த இரண்டாம் வழியில்தான்.

ஆர்வம் இருந்தால் போதும், இறையியல் படிப்பு எதற்கு என்று கேட்கும் போதகர்கள் இன்றும் உண்டு. ஆர்வம் சபையைக் கூட்டும். கூடியவர்கள் கேட்கும் கேள்விக்குப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சபைகள் தம் போதகரைப் படிக்க அனுப்பட்டும், அதுவும் தமிழில்.