'ஏஎன்ஏ பாசிட்டிவ்' வந்தால் நோய் உறுதியா?

காலையில் அம்மாவுக்கு விரல் மடங்கவில்லை. "தோட்டத்துல வேலை செஞ்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம்தான். ஆனால் எல்லா மூட்டுவலியும் வேலையால் வருவதில்லை. நம் நோய் எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கினாலும் இப்படி வலிக்கும். லூபஸ், முடக்குவாதம் இரண்டும் அந்த வகை நோய்கள்.

ஏஎன்ஏ எதைக் காட்டுகிறது?

செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று இந்தச் சோதனை பார்க்கிறது. ரிசல்ட்டில் 1:80 என்று இருந்தால், ரத்த நீரை 80 மடங்கு கரைத்த பிறகும் அது தெரிந்தது என்று அர்த்தம். 1:640 என்றால் எதிர்ப்பொருள் இன்னும் அதிகம்.

பாசிட்டிவ் வந்தால்?

பயப்பட வேண்டாம். 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 13 விழுக்காட்டினருக்கு 1:80 அளவிலும், 5 விழுக்காட்டினருக்கு 1:160 அளவிலும் பாசிட்டிவ் வந்தது. சில மருந்துகளாலும் அப்படி வரலாம். அறிகுறி எதுவும் இல்லாமல், இந்த ஒரு ரிசல்ட்டை வைத்து மட்டும் நோய் என்று முடிவு செய்ய மாட்டார்கள்.

நெகட்டிவ் வந்தால்?

லூபஸ் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் முடக்குவாதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு ஆர்எஃப், ஆன்டி-சிசிபி என்ற வேறு சோதனைகள் உண்டு. லூபஸ் சந்தேகம் இருந்தால் ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏ சோதனையோடு சிறுநீரையும் பார்ப்பார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலி தெரியாது. சிறுநீரில் புரதம் கசிவதுதான் முதல் தடயமாக இருக்கும்.

எப்போது கிளினிக் போகணும்?

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மூட்டு வீங்கினால், வெயில் பட்டதும் கன்னத்தில் தடிப்பு வந்தால், வாய்ப்புண் அடிக்கடி வந்தால், சிறுநீர் நுரைத்தால், கால் வீங்கினால் தள்ளிப் போடாதீங்க. லூபஸ் வருபவர்களில் 10-இல் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதனால் இது அம்மாவுக்கு மட்டும் அல்ல, அக்கா தங்கைக்கும்தான்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்க. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் டாக்டர் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். செலாயாங் மருத்துவமனையில் வாதநோய் நிபுணர் பிரிவு இருக்கிறது. பழைய ரிசல்ட், சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் எடுத்துட்டுப் போங்க. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால், வலி குறைந்தது என்று நீங்களாக நிறுத்தாதீங்க.