முதல் மூணு நாள் வாயைத் திறக்கக் கூடாதா? – தமிழ் சினிமா விமர்சகர்களின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒரு அறிக்கை விட்டது. இந்தியன் 2, வேட்டையன், கங்குவா மூன்று படங்களையும் யூட்யூப் விமர்சனங்கள் பாதித்துவிட்டன, தியேட்டர் வளாகத்துக்குள் யூட்யூப்காரர்களை விடக்கூடாது என்பது அதன் சாரம். அதோடு நிற்கவில்லை. படம் வெளியாகி முதல் மூன்று நாள் ஆன்லைனில் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரம் என்பதுதான் அங்கே பேசப்பட்ட விஷயம்.

எனக்கு இதில் ஒரே ஒரு கேள்வி. ஏன் மூன்று நாள்? ஒரு வாரம் என்று கேட்கவில்லை, ஒரு மாதம் என்று கேட்கவில்லை. இந்த மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? அதைப் புரிந்துகொள்ள, விமர்சகர் என்ற ஆசாமி தமிழில் எப்படி வந்தார், அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று முதலில் இருந்து பார்க்க வேண்டும். காமர்ஸ் படிக்கிறவன் பணம் எங்கிருந்து வருகிறது என்றுதானே முதலில் பார்ப்பான்!

தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் 1931ல் வந்தது. அந்த முப்பதுகளிலேயே விமர்சனமும் வந்துவிட்டது. ஆனந்த விகடனில் கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் ஆடல் பாடல் பகுதி எழுதினார். கச்சேரி, நாடகம், சினிமா எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிப்பார். ஆனால் அதே விகடனில் கல்கி எழுதிய தியாகபூமி தொடர், 1939ல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகவும் வந்தது. அந்தப் படத்தின் ஸ்டில்களோடுதான் தொடரே வெளியானது. விகடன் முதலாளி எஸ்.எஸ். வாசன் பிறகு ஜெமினி ஸ்டூடியோ தொடங்கி 1948ல் சந்திரலேகா எடுத்தார்.

இன்னொரு விஷயம். கல்கி விகடனை விட்டு வெளியே வந்து 1941ல் கல்கி பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? எம்.எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி படத்தில் நாரதராக நடித்து வாங்கிய சம்பளம் அதில் பெரும் பங்கு. அதாவது தமிழின் முதல் பெரிய சினிமா விமர்சகரின் பத்திரிகைக்கு மூலதனமே சினிமா சம்பளம்தான். 1945ல் எம்.எஸ். நடித்த மீரா படத்துக்கு எழுதியவரும் கல்கிதான். இதனால் கல்கி நேர்மையில்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. சினிமாவும் விமர்சனமும் ஆரம்பத்திலிருந்தே ஒரே வீட்டில்தான் குடியிருந்தன என்று சொல்கிறேன். அவ்வளவுதான்.

அடுத்து நம்ம ஊர்க் கதை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கலைவாணருக்கு வந்த பெரிய சோதனை ஒரு சினிமாப் பத்திரிகையால் வந்தது. லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்றும், அது நின்ற பிறகு இந்து நேசன் என்றும் பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கிசுகிசு எழுதுவதுதான் பிழைப்பு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்துபோனார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணை நடந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார்கள்.

இதில் சினிமா வியாபாரத்துக்கு ஒரு பாடம் இருக்கிறது. இவர்கள் இருவரும் நடித்த ஹரிதாஸ், கொலை நடப்பதற்கு முந்தின மாதம், 1944 தீபாவளிக்கு வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. நாயகனும் காமெடியனும் ஜெயிலில், படம் தியேட்டரில்! எவ்வளவு கேவலமாகப் பேசப்பட்டும் ஜனங்கள் படம் பார்ப்பதை நிறுத்தவில்லை. லட்சுமிகாந்தன் எழுதியது விமர்சனம் இல்லை, வெறும் வம்பு. ஆனால் "ஒரு கெட்ட வார்த்தை வந்தால் படம் படுத்துவிடும்" என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் ஹரிதாஸை நினைத்துப் பார்க்கலாம்.

சரி, அடுத்த கட்டம். வாரப் பத்திரிகைகளின் காலம். விகடன் மார்க் போடும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். 1977ல் 16 வயதினிலே படத்துக்கு 62.5 போட்டார்கள். 1979ல் உதிரிப்பூக்களுக்கு 60. நூற்றுக்கு அறுபது வாங்குவதே டிஸ்டிங்ஷன் மாதிரி. (எங்கள் யுனிவர்சிட்டி பேப்பர் திருத்துகிறவர்களும் அங்கேதான் டிரெயினிங் எடுத்திருப்பார்களோ என்னவோ.)

கவனிக்க வேண்டியது, இந்த விமர்சனம் வரும் நேரம். படம் வெளியாகி ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் பத்திரிகை கையில் கிடைக்கும். அப்போது அது யாருக்கும் பெரிய பிரச்சினையாக இல்லை. காரணம் எளிது. பிலிம் பெட்டி செலவு அதிகம் என்பதால் குறைந்த பிரிண்ட்தான் போடுவார்கள். முதலில் பெரிய ஊர், பிறகு சின்ன ஊர், கடைசியில் டூரிங் கொட்டகை. ஒரு படம் நூறு நாள் ஓடி, அதற்கப்புறம் கிராமத்துக்குப் போகும். திட்டி எழுதினாலும் படத்துக்குத் தன்னை நிரூபிக்க நேரம் இருந்தது.

அப்புறம் டிவி வந்தது. 1993ல் சன் டிவி தொடங்கியது. டாப் 10 மூவீஸ் பார்க்காத வீடு உண்டா? ஜெயா டிவியில் சுஹாசினி ஹாசினி பேசும் படம் நடத்தினார். இவர் நடிகை, இயக்குநர், மணிரத்னத்தின் மனைவி. மறுபடியும் அதே வீட்டு ஆள்! 2008ல் சன் பிக்சர்ஸ் காதலில் விழுந்தேன் படத்தை வெளியிட்டது. படம் வெளியிடுகிறவரும் படங்களை வரிசைப்படுத்துகிறவரும் ஒரே குழுமம் என்ற நிலை வந்தது. பத்திரிகையானாலும் டிவியானாலும் வருமானம் விளம்பரத்தில் இருந்து. அதில் சினிமா விளம்பரத்துக்கும் ஒரு பங்கு. கடையில் வாடகை கொடுக்கிறவனையே திட்டுவது கஷ்டம் இல்லையா?

இந்தக் கணக்கை மாற்றியது யூட்யூப். அங்கே விமர்சகருக்குப் பணம் வருவது பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்து. தயாரிப்பாளர் தயவு தேவையில்லை. அப்படி வந்தவர்களில் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தவர் ப்ளூ சட்டை மாறன். இயற்பெயர் இளமாறன், சேனல் பெயர் தமிழ் டாக்கீஸ். ஒரு நீலச் சட்டை, ஒரு கேமரா, வேறு ஒன்றும் கிடையாது. டீக்கடையில் படம் பார்த்துவிட்டு வந்தவன் பேசுகிற மாதிரி பேசுவார். 2017 ஆகஸ்டில் அஜித்தின் விவேகம் படத்தை அவர் விமர்சனம் செய்தபோது ரசிகர்களிடமிருந்தும் சினிமாக்காரர்களிடமிருந்தும் கிளம்பிய கோபம் ஞாபகம் இருக்கும்.

"முடிந்தால் நீ ஒரு படம் எடுத்துக் காட்டு" என்பதுதான் எல்லா விமர்சகரும் கேட்கிற கேள்வி. அவர் எடுத்தார். ஆன்டி இண்டியன். இறந்துபோன ஒருவரை எந்த மத முறைப்படி அடக்கம் செய்வது என்ற சண்டையும், அதை வைத்து நடக்கும் அரசியலும்தான் கதை. அந்தப் பிணமாக அவரே நடித்தார். தணிக்கையில் சிக்கி, 2021 டிசம்பரில் வெளியானது. மற்றவர்கள் அதை விமர்சித்தார்கள். ஒருவரும் மூன்று நாள் பொறுக்கவில்லை!

இன்னொரு பாதையில் போனவர் பரத்வாஜ் ரங்கன். பொறியியல் படித்துவிட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதி, 2005ஆம் ஆண்டின் சிறந்த சினிமா விமர்சகருக்கான தேசிய விருது வாங்கியவர். 2012ல் மணிரத்னத்தோடு நடத்திய உரையாடல்களைப் புத்தகமாக்கினார். தி இந்துவில் எழுதினார். பிறகு பிலிம் கம்பானியன் சவுத், கலாட்டா பிளஸ் என்று வீடியோ பக்கம் வந்து, விமர்சனத்தோடு இயக்குநர்களை உட்கார வைத்து நீண்ட பேட்டிகளும் எடுத்தார்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விமர்சனம் செய்ய யார் அனுமதியும் வேண்டாம், டிக்கெட் இருந்தால் போதும். பேட்டிக்கு எதிரில் இருப்பவர் சம்மதித்து வர வேண்டும். நேற்று படத்தைக் கிழித்தவரின் நிகழ்ச்சிக்கு இன்று ஹீரோ வருவாரா? ரங்கன் வளைந்துகொடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாற்காலியிலும் உட்காருகிற எவருக்கும் இந்த இழுபறி இருக்கும் என்கிறேன்.

ஆனால் பேட்டியால் லாபமும் உண்டு. சித்ரா லட்சுமணனைப் பாருங்கள். சினிமாப் பத்திரிகையாளராக இருந்தவர், 1983ல் மண்வாசனை தயாரித்தவர், 1988ல் சூரசம்ஹாரம் இயக்கியவர். வயதான பிறகு டூரிங் டாக்கீஸ் யூட்யூப் சேனலில் சாய் வித் சித்ரா என்று பழைய கலைஞர்களோடு உட்கார்ந்து பேசினார். யாரும் எழுதி வைக்காத எத்தனையோ ஷூட்டிங் கதைகள் அதில் பதிவாகிவிட்டன. அவர் விமர்சகராக மட்டும் இருந்திருந்தால் அத்தனை பேர் மனம் திறந்து பேசியிருப்பார்களா, சந்தேகம்தான்.

இப்போது மூன்று நாள் கணக்குக்கு வருவோம். டிஜிட்டல் புரொஜெக்ஷன் வந்த பிறகு பிரிண்ட் செலவு பிரச்சினை போய்விட்டது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டரில் படம் போடலாம். நாகர்கோவிலும் சென்னையும் ஒரே காலையில் பார்க்கிறது. நூறு நாளில் வர வேண்டிய கூட்டம் முதல் வார இறுதியிலேயே வந்துவிடுகிறது. சில வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆக வசூலின் பெரும்பகுதி வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளைத்தான் காப்பாற்றச் சொல்கிறார்கள். படத்தின் ஆயுள் சுருங்கிப்போனது விமர்சகர் செய்த காரியம் இல்லை. அது வியாபாரம் செய்த காரியம்.

தயாரிப்பாளர் பக்கத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. பணம் கொடுத்தால் புகழ்வது, கொடுக்காவிட்டால் இகழ்வது, படம் பார்க்காமலே திட்டுவது எல்லாம் நடக்கிறது என்று புகார் உண்டு. கேரளத்தில் 2023 அக்டோபரில் இதற்காகக் கொச்சி போலீஸ் வழக்கே பதிவு செய்தது. 2024ல் அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று யோசனை சொன்னார். மிரட்டிப் பணம் பறித்தால் அது குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது. அதற்காக எல்லோர் வாயையும் மூடுவது சரியா?

எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் வந்தது. தமிழ்நாட்டு ஜனங்களுக்கு அதில் தெரிந்த ஸ்டார் யாரும் இல்லை. முதல் நாள் பார்த்தவர்கள் "பாருங்கள்" என்றார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அதுவரை எந்த மலையாளப் படமும் பார்க்காத வசூலைப் பார்த்தது. நம் நாகர்கோவில்காரரான எழுத்தாளர் ஜெயமோகன் அந்தப் படத்தைக் கடுமையாகத் திட்டி எழுதினார். கேரளத்தில் பெரிய கொந்தளிப்பு. படம் நின்றுவிட்டதா? இல்லை. மூன்று நாள் தடை இருந்திருந்தால் அந்த மாதிரிப் படம்தான் முதலில் செத்திருக்கும். பெரிய ஹீரோ படத்துக்கு போஸ்டர் போதும். சின்னப் படத்துக்கு முதல் நாள் பார்த்தவனின் வாய்தான் போஸ்டர்.

1970ல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னால், 2001ல், நோபல் பரிசும் வாங்கினார். எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், எல்லாக் காருக்கும் குறைந்த விலைதான் சொல்வான். நல்ல கார் வைத்திருப்பவன் கட்டுப்படியாகாமல் சந்தையை விட்டே போய்விடுவான், ஓட்டைக் கார் மட்டும் மிஞ்சும் என்பது அதன் சாரம். சினிமாவுக்கு அப்படியே பொருந்துகிறது. விமர்சனத்தை நிறுத்தினால் கெட்ட படம் பிழைக்கும் என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ ஜனங்கள் தியேட்டருக்குப் போவதையே குறைத்துக்கொண்டு ஓடிடிக்குக் காத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

கல்கி காலத்தில் விமர்சகருக்குச் சினிமாவோடு உறவு இருந்தது. டிவி காலத்தில் முதலாளிக்கு உறவு இருந்தது. ப்ளூ சட்டைக்கு அந்த உறவு தேவைப்படவில்லை, அதனால்தான் இவ்வளவு கோபம். அவர் சொல்வது எல்லாம் சரி என்று இல்லை, பல படங்களில் எனக்கு அவரோடு ஒத்துப்போகாது. ஆனால் முதல் நாள் காட்சிக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அதிக விலை கொடுக்கிற நாளில்தான் ஒருத்தரும் எச்சரிக்கக் கூடாது என்றால் எப்படி?

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? மூன்று நாள் பொறுக்கலாம் என்று நினைக்கிறவர்களும் தாராளமாகப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வாருங்கள். குறிப்பு: இந்தப் பதிவை விமர்சிக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை.